ஸ்லோ நிக்குதில்லையா, முதல்ல அந்த ஸ்குருவ விடுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கட பேப்பர்ல ஞாயிற்றுக்கிழமையில வாகன விற்பனை விளம்பரம் பக்கம் பக்கமா வருகுது, அதுல பழைய பிக்கப்பும் டபுள் கெப்பும் நிறைய, எல்லாத்திலயும் "எஞ்சின் நல்ல நிலையில்" எண்டு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வாகனங்கள வாங்கி ஓட்டுற ஆக்களுக்காகத்தான் இந்தக் கடிதம் எழுதுறன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடமில்லாட்டி வெட்டிப் போடுங்க, ஆனா பிரேக் பற்றி எழுதியிருக்கிற இடத்தில மட்டும் தயவுசெய்து கை வைக்காதீங்க.

திருகோணமலையில ஓடுற பிக்கப்புகள்ல பாதி என்ர மூத்த மகன விட வயசு கூட. திருக்கடலூர், வீரநகர் பக்கம் மீன் ஏத்துறது, தம்பலகாமத்தில நெல்லு ஏத்துறது, நிலாவெளியில ஹோட்டலுக்கு ஐஸ் கொண்டு போறது எல்லாம் 80கள்லயும் 90கள்லயும் வந்த ஹைலக்ஸ், டட்சன், எல்200 மாதிரி வாகனங்கள்தான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க, திறந்தும் என்ன, இப்ப இருக்கிற வரியோட புது பிக்கப் வாங்கிற யோசனை எங்கட ஆக்களுக்கு வராது. அப்ப இருக்கிறதத்தான் செய்து செய்து ஓடணும். செய்யிறது எப்படி எண்டதிலதான் எனக்குக் கோபம்.

இந்தப் பழைய வாகனங்களுக்கு வாற வருத்தங்கள்ல ஆக்கள ஆகக் கூட அலைக்கழிக்கிறது இந்த ஸ்லோ நிக்காத வருத்தம், ஸ்லோ எண்டா அக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்த பிறகும் எஞ்சின் அணையாம மெதுவா ஓடிக்கொண்டு இருக்கிறது. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல ஏலாது, லோட் ஏத்திக்கொண்டு கந்தளாய் தாண்டி ஹபரணை மட்டும் நல்லா இழுத்துக்கொண்டு போகும், திரும்பி வந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில கால எடுத்தா எஞ்சின் ரெண்டு குலுக்குக் குலுக்கி நிண்டுடும், பின்னால நிக்கிற திரீவீல்காரன் ஹோர்ன் அடிப்பான், திரும்ப ஸ்டார்ட் எடுத்து ரேஸ் குடுத்துக் குடுத்து வீடு வரைக்கும் கொண்டு வரணும். இத கராஜ்ல காட்டினா அனேகமா நடக்கிறது ஒண்டுதான், பொடியன் ஸ்க்ரூ ட்ரைவர எடுத்து பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற காபரேட்டர்ல இருக்கிற ஸ்லோ ஸ்குருவ உள்ளுக்கு முறுக்குவான், எஞ்சின் கொஞ்சம் கத்தும், ஆனா அணையாம ஓடும், "சரி அண்ணே போங்க" எண்டுடுவான். 700, 750 ஆர்பிஎம்ல நிக்க வேண்டிய எஞ்சின் 1300, 1500ல நிண்டு கத்துது. சொந்தக்காரனும் சந்தோசமாப் போயிடுவார், ஒரு மாசத்தில பெற்றோல் கூடக் குடிக்குது எண்டு வருவார், சாவிய எடுத்த பிறகும் எஞ்சின் டுக்கு டுக்கு எண்டு அடிச்சிட்டுத்தான் நிக்குது எண்டு சொல்லுவார், வருசாந்தப் புகைப் பரிசோதனையில ஸ்லோவில வச்சுப் பாக்கேக்க ஃபெயில் எண்டு பேப்பர் குடுப்பாங்க. அதுக்குப் பிறகுதான் பாகம் மாத்துற கதை தொடங்கும், பிளக்காம், கொயிலாம், காபரேட்டராம், கடைசியா ஹெட் கழட்டணுமாம்.

என்ர மச்சான்ட மீன் ஏத்துற ஹைலக்ஸுக்கு இதுதான் நடந்தது, 22ஆர் எஞ்சின், 2.4 லீட்டர், காபரேட்டர் உள்ளது. நான் வேலைய விட்டு வீட்டில இருக்கிறன் எண்டு எனக்குக் கரைச்சல் தராம வெளியில காட்டியிருக்கான். ஒரு கராஜ்ல பிளக்கும் வயரும் மாத்தினாங்க, இன்னொண்டில ரீகண்டிஷன் காபரேட்டர் ஒண்டு வாங்கிப் போட வச்சாங்க, பிறகு ஒரு ஆள் எஞ்சின் முடிஞ்சுது ரிங் போடணும் எண்டு விலையும் பேசிட்டார். ஆர் எவர் எண்டு நான் பேர் எழுதப் போறதில்ல, ஒரு ஆளச் சொல்லி என்ன செய்ய, ஊர் முழுக்க இந்தப் பழக்கம்தான்.

அந்த வாகனம் என்னட்ட வந்ததும் நான் முதல் செய்தது அந்த ஸ்குருவப் பழைய இடத்துக்குத் திருப்பி விட்டதுதான். வருத்தத்த மறைச்சு வச்சுக்கொண்டு வருத்தத்தத் தேட ஏலாது. ஸ்லோவில எஞ்சின் எப்படி மூச்சு விடுது எண்டு விளங்கினா மிச்சம் தானா விளங்கும். கால எடுத்ததும் காபரேட்டர் உள்ளுக்க இருக்கிற தட்டு கிட்டத்தட்ட முழுசா மூடிடும், ஆனா பிஸ்டன் இழுத்துக்கொண்டுதான் இருக்கும், அப்ப அந்தத் தட்டுக்குக் கீழ மேனிஃபோல்டில, அதாவது எஞ்சினுக்குக் கலவை போற குழாயில, வக்யூம் எண்ட உறிஞ்சல் ஆகக் கூடுதலா இருக்கிற நேரம் அதுதான். நல்ல எஞ்சின் எண்டா எங்கட மாதிரிக் கடல் மட்டத்து ஊர்ல அத அளக்கிற வக்யூம் கேஜ்ல 17க்கும் 21க்கும் இடையில இரச அங்குலம் காட்டி ஊசி ஆடாம நிக்கும். அந்த நேரத்தில எங்கயாவது ஒரு ஹோஸ் வெடிச்சிருந்தா, கெஸ்கட் ஒண்டு சுருங்கியிருந்தா அதுக்குள்ளால கணக்கில வராத காத்து ஏறும், பெற்றோல் அதே அளவுதான் வருகுது, கலவை மெலிஞ்சு போய் எரியாம நிண்டுடும். ரேஸ் குடுத்தா தட்டு திறந்து எவ்வளவோ காத்து நேர் வழியால போகுது, அந்த வெடிப்பால வாற கொஞ்சக் காத்து அதுக்குள்ள ஒரு பொருட்டே இல்ல. அதாலதான் ஓடேக்க ராசா மாதிரி ஓடுது, சந்தியில மானம் போகுது.

சோதிக்க காசு ஒண்டும் தேவையில்ல. ஏயார் கிளீனரக் கழட்டிட்டு, ரேஸ் குடுத்துப் பிடிச்சுக்கொண்டு காபரேட்டர் வாய உள்ளங்கையால அரைவாசி மூடிப் பாக்கணும், இல்லாட்டி சொக்க மெல்ல இழுக்கணும். எஞ்சின் முன்னத்தய விட நல்லா ஓடினா கலவை மெலிவு, ஒண்டில வேற இடத்தால காத்து ஏறுது, இல்லாட்டி ஸ்லோவுக்குப் பெற்றோல் வாற துவாரம், ஸ்லோ ஜெட், அடைச்சிருக்கு. மூடினதும் கரும்புகை தள்ளி நிண்டா அது வேற பக்கம், பெற்றோல் கூட வருகுது, காபரேட்டருக்குள்ள பெற்றோல் மட்டத்தப் பிடிக்கிற ஃப்ளோட், நீடில் வால்வ் எண்டு தேடணும். மச்சான்ட வாகனம் கையால மூடினதும் பூனை மாதிரி அமைதியா ஓடினது. பிறகு மேனிஃபோல்டில இருந்து போற ஒவ்வொரு ஹோஸையும் துணி சுத்தின குறட்டால நசிச்சு நசிச்சுப் பாக்கணும், எத நசிக்கேக்க எஞ்சின் சீராகுதோ அந்த வழியில பிழை. கிண்ணியாவில இருந்து எனக்குப் பழக்கமான நானா ஒருத்தர் அண்டைக்கு வக்யூம் கேஜோட வந்திருந்தார், ஊசி பன்னிரண்டு பதிமூண்டிலதான் நிண்டுது, பிரேக் பெடலுக்குப் பலம் சேக்கிற பிரேக் பூஸ்டருக்குப் போற தடிச்ச ஹோஸ நசிச்சதும் பதினெட்டுக்கு ஏறிட்டுது. ஹோஸின்ர அடிப்பக்கம், எஞ்சின் சூடு படுற இடத்தில, கை விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேல இருந்து பாத்தா புதுசு மாதிரித்தான் கிடந்தது.

ஐயா, நான் வெட்ட வேண்டாம் எண்டு சொன்னது இந்த இடத்தத்தான். பெற்றோல் வாகனத்தில பிரேக் பூஸ்டர் வேலை செய்யிறது அந்த மேனிஃபோல்ட் வக்யூம்லதான். நல்ல வாகனம் ஓட்டத்தில நிண்டு போனாலும் பூஸ்டருக்குள்ள பிடிச்சு வச்சிருக்கிற வக்யூம்ல ஒண்டு ரெண்டு தரம் பிரேக் அமத்தலாம். பூஸ்டர் வழியில காத்து ஏறுது எண்டா அந்தச் சேமிப்பையும் நம்ப ஏலாது. இப்ப யோசிச்சுப் பாருங்க, ஐஸ் பெட்டியும் மீனுமா லோட் ஏத்தின பிக்கப் உவர்மலையில இருந்து கீழ இறங்குது, கால எடுத்ததும் எஞ்சின் நிக்குது, பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகுது, பவர் ஸ்டியரிங் எண்டா அதுவும் பாரம். ஸ்லோ ஸ்குருவ முறுக்கி விட்ட பொடியனுக்கு தான் மறைச்சது ஒரு பிரேக் பிழைய எண்டு தெரியாது, அவனுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கவும் இல்ல. வீட்டிலயே எல்லாரும் செய்து பாக்கலாம், எஞ்சின நிப்பாட்டிட்டு பெடல் இறுகும் வரைக்கும் பல தரம் அமத்துங்க, பிறகு அமத்தினபடியே கால வச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கேல்ல எண்டா அண்டைக்கு லோட் ஏத்தாதீங்க. ஸ்லோவில நிக்கேக்க பிரேக் அமத்தினதும் எஞ்சின் குலுங்குது, சீட்டுக்கு முன்னால உஸ் எண்டு சத்தம் கேக்குது எண்டாலும் பூஸ்டர்தான், ஹோஸ் நல்லா இருந்தாலும் உள்ள இருக்கிற றப்பர் கிழிஞ்சிருக்கும்.

ஹோஸ் மாத்தேக்க இன்னொரு விசயம், கடையில கிடைக்கிற சாதாரணத் தண்ணி ஹோஸ வெட்டிப் போடுறாங்க, அது வக்யூம்ல உள்ளுக்க சப்பிப் போகும், வெளிய பாத்தா தெரியாது. பூஸ்டருக்கு எண்டு வாற தடிச்ச ஹோஸ்தான் போடணும், நடுவில இருக்கிற ஒருவழி வால்வையும் வாயால ஊதிப் பாத்து ஒரு பக்கம் மட்டும் காத்துப் போகுதா எண்டு பாத்துட்டுப் போடுங்க. மச்சானுக்கு முடிஞ்ச செலவு ஒரு முழ ஹோஸும் ரெண்டு கிளிப்பும். பழைய காபரேட்டர் இன்னும் அவன்ட வீட்டுத் தாழ்வாரத்தில கிடக்கு, அதுல ஒரு பிழையும் இல்ல.

எல்லா வாகனத்திலயும் பூஸ்டர்தான் பிழை எண்டு நான் சொல்ல வரேல்ல. ஜப்பான் காபரேட்டர்கள் பலதில ஒரு வயர் போற சின்ன சொலனொயிட், கரண்ட்ல வேலை செய்யிற வால்வ், இருக்கும், சாவி போட்டதும் ஸ்லோ பெற்றோல் வழியத் திறக்கிறது அதுதான், அந்த வயர் கழண்டா ஸ்லோ ஒரேயடியா இல்லாமப் போகும், ரேஸ்ல ஓடும். சாவியப் போட்டு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம அந்த வயரக் கழட்டித் தொட்டா டிக் எண்டு கேக்கணும், கேக்கேல்ல எண்டா கரண்ட் வருகுதா எண்டு டெஸ்ட் லாம்பால பாருங்க. எங்கட ஊர்ல இந்த வயர் வருத்தம் கூடுதலா வரும், காரணம் உப்பு. மீன் வாகனத்தில ஐஸ் உருகி வாற உப்புத் தண்ணி வாகனப் பொடியால வழிஞ்சு சசியில, வயரிங்ல, எர்த் வயர்ல எல்லாம் இறங்குது, கொட்பே துறைமுகத்துப் பக்கம் நிப்பாட்டுற வாகனம் எண்டா கடல் காத்தும் சேத்தி. எர்த் வயர் வெளியில பச்சை பூத்திருந்தா மட்டும் பிழை எண்டில்ல, உள்ளுக்கயே உக்கிப் போயிருக்கும், வோல்ட் மீற்றர ஒரு பக்கம் பெட்டரி நெகட்டிவ்லயும் மற்றப் பக்கம் எஞ்சின் புளொக்லயும் வச்சுக்கொண்டு ஸ்டார்ட்டர அடிச்சா அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வயர் குப்பை.

ஜெட் அடைக்கிறதும் உண்மையான காரணம்தான். வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99 சீனக்குடாவில நிக்கிற ஊர்ல, 2022ல நாங்க கேன் தூக்கிக்கொண்டு லைன்ல கிடந்தம், அத இப்ப நினைச்சாலும் சிரிப்பும் வயித்தெரிச்சலும் சேந்து வரும். அண்டைக்கு வாங்கி ஒளிச்சு வச்ச பெற்றோல மாசக்கணக்கா வச்சிருந்து ஊத்தின ஆக்களிட்ட கேட்டுப் பாருங்க, பழசான பெற்றோல் பிசின் மாதிரிப் படியும், காபரேட்டர்ல ஆகச் சின்ன துவாரம் ஸ்லோ ஜெட், அதுதான் முதல் அடைக்கும். அதுக்குள்ள கம்பி விட்டுக் குத்திறாங்க, கம்பி விட்டா துவாரம் பெருத்துடும், பிறகு எந்த ஸ்குருவாலயும் சரி வராது, கிளீனர் அடிச்சு காத்தடிச்சு எடுக்கணும்.

எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவத் திரும்ப மேனிஃபோல்டுக்கு விடுற பிசிவி வால்வக் கழட்டிக் குலுக்கினா உள்ளுக்க கிலுகிலு எண்டு கேக்கணும், கேக்கேல்ல எண்டா ஒட்டிப் போச்சு. ஈஜிஆர் வால்வ் கரி பிடிச்சுத் திறந்தபடி நிண்டா எரிஞ்ச புகை திரும்ப உள்ளுக்க போய் ஸ்லோவக் கெடுக்கும். இதுகள விட கூடுதலா மறக்கிறது டெபட், அதாவது வால்வுக்கு விடுற இடைவெளி, சரி பாக்கிறத, 22ஆருக்கு எஞ்சின் சூடா இருக்கேக்க இன்டேக் 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் இறுகிப் போனா வால்வ் முழுசா மூடாது, சத்தமும் வராது, அதால ஆரும் சந்தேகப்படவும் மாட்டாங்க. கேஜ்ல ஊசி ஒரே சீரா இடைக்கிடை கீழ விழுந்து விழுந்து எழும்பினா அந்தப் பக்கம் பாருங்க. சத்தம் போடுற டெபட்டுக்கு நான் பயப்பிடுறதில்ல, சத்தம் இல்லாத டெபட்டுக்குத்தான் பயம்.

காத்து ஏறுற இடம் கண்டுபிடிக்க காபரேட்டர் கிளீனர எஞ்சின் முழுக்க அடிக்கிறாங்க, சூடான சைலன்சர் மேனிஃபோல்டில பட்டா பத்தும், பக்கத்தில பெற்றோல் ஹோஸும் கிடக்கு. ஒரு சின்ன ரப்பர் குழாயின்ர ஒரு முனைய காதில வச்சு மற்ற முனையால ஹோஸ் வழிய தேடிக்கொண்டு போனாலே உஸ் சத்தம் நல்லாக் கேக்கும், ஃபேன் பெல்ட்டுக்குக் கிட்ட மட்டும் கவனம்.

இப்ப வாகனக் கம்ப்யூட்டர்ல பிழைக் கோட் வாசிக்கிற ஸ்கேனர் வந்திட்டுது, எல்லாம் அதுவே சொல்லும் எண்டு நினைக்கிற பொடியன்மார் கூடிட்டாங்க. இன்ஜெக்சன் வாகனத்தில பி0171 எண்டு கோட் வந்தா உடன புகையில ஒக்சிசன் அளக்கிற ஓ2 சென்சர மாத்துறாங்க. அந்தக் கோட் சொல்றது கலவை மெலிவு எண்டு மட்டும்தான், சென்சர் பழுது எண்டு அது சொல்லேல்ல, சொல்லப்போனா சென்சர் ஒழுங்கா வேலை செய்யிறதாலதான் மெலிவு எண்டு தெரிஞ்சிருக்கு. அதே ஸ்கேனர்லயே ஃபியூவல் ட்ரிம் எண்டு, கம்ப்யூட்டர் பெற்றோல எத்தினை வீதம் கூட்டிக் குறைக்குது எண்ட ஒரு கணக்கு ஓடும், ஸ்லோவில அது 20 வீதத்துக்கு மேல போய், 2500 ஆர்பிஎம்ல ரேஸ் பிடிக்கேக்க அஞ்சுக்குக் கிட்ட இறங்கினா அது காத்து ஏறுற வருத்தம், நான் மேல சொன்ன அதே கதைதான். ரேஸ்லயும் இறங்காம ஏறிக்கொண்டு போனா பெற்றோல் பம்ப், ஃபில்டர், காத்து அளக்கிற சென்சர் பக்கம் தேடணும். ஸ்லோவப் பற்றின கோட் பி0505 வந்தா ஸ்லோ வால்வ் மாத்த முதல், காத்துத் தட்டு இருக்கிற த்ரொட்டில் பொடியக் கழட்டிக் கரிய எடுத்துப் பாருங்க, பாதி அதோட சரி வரும். பெட்டரி கழட்டிப் போட்ட பிறகு கொஞ்ச நேரம் ஸ்லோ அங்கயும் இங்கயும் அலையிறதும் உண்டு, கம்ப்யூட்டர் திரும்பப் பழகும், அதுக்குள்ள பயந்து பாகம் வாங்க ஓடாதீங்க.

டீசல்காரர் கோவிக்காதீங்க, உங்களுக்கு இந்த வக்யூம் கதை பொருந்தாது. டீசல்ல மேனிஃபோல்டில பூஸ்டருக்குக் காணுமான வக்யூம் இல்ல, டொயோட்டா பழைய எல் எஞ்சின்கள்ல ஓல்டனேட்டருக்குப் பின்னாலயே வக்யூம் பம்ப் வச்சிருக்கான். டீசல் ஸ்லோ நிக்கேல்ல எண்டா முதல் பாக்க வேண்டியது தாங்கியில இருந்து பம்புக்கு வாற வழியில காத்து ஏறுதா, ஃபில்டர்ல தண்ணி நிக்குதா எண்டதத்தான், ஒரு துண்டு உள்ளுக்க தெரியிற பிளாஸ்டிக் ஹோஸ இடையில போட்டா குமிழி வாறது கண்ணுக்கே தெரியும். பழைய டீசல்ல இன்ஜெக்டர் நட்ட ஒவ்வொண்டாத் தளர்த்தி எது வேலை செய்யேல்ல எண்டு பாக்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கு, அத கொமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில கூடின அழுத்தத்தில டீசல் வச்சிருக்கிற, டபுள் கெப்புகள்ல ஒருநாளும் செய்யாதீங்க, அதுல அழுத்தம் 1000 பாருக்கு மேல போகும், தோலக் கிழிச்சு டீசல் உடம்புக்குள்ள ஏறும், கை போகும்.

நான் கேக்கிறது பெரிய விசயம் இல்ல. கராஜ் வச்சிருக்கிற தம்பிமார் பில்லில மாத்தின பாகத்த எழுதுற மாதிரி, என்ன சோதிச்சுப் பாத்து அந்தப் பாகம் பழுது எண்டு முடிவெடுத்தது எண்டும் ஒரு வரி எழுதுங்க. எழுதச் சொல்லி வாகனக்காரரும் கேளுங்க, கேக்கிறதுக்கு வெக்கப்பட ஒண்டும் இல்ல, காசு உங்கட. வாகனத்தக் குடுக்கேக்க "ஸ்லோ இல்ல" எண்டு மட்டும் சொல்லாம எப்ப நிக்குது எண்டும் சொல்லுங்க, காலமையில குளிர்ல மட்டுமா, சூடேறின பிறகா, ஏசி போட்டாலா, பிரேக் அமத்தினாலா, லைட் போட்டாலா, அதுலயே பாதி வேலை முடிஞ்சிடும். எங்கட தொழில்நுட்பக் கல்லூரியிலயும் தொழிற்பயிற்சி நிலையங்கள்லயும் பின்னேர வகுப்பா வச்சு, ஏற்கெனவே கராஜ்ல வேலை செய்யிற பொடியன்மாருக்கு வக்யூம் கேஜும் மீற்றரும் பிடிக்கப் பழக்கினா நல்லது, அவங்க கெட்டிக்காரர், கை வேலையில குறை சொல்ல ஏலாது, அளந்து பாக்கிற பழக்கம்தான் இல்ல. ஆர் பொறுப்பில இருக்கிறாங்களோ அவங்க கண்ணில இது படட்டும்.

உங்கட பேப்பர்லயும் அந்த விளம்பரப் பக்கத்தில ஒரு மூலையத் தாங்க ஐயா, கிழமைக்கு ஒரு வருத்தம், ஒரு சோதனை எண்டு தமிழ்ல எழுதிப் போடுங்க. எழுத ஆள் இல்லாட்டி நான் எழுதி அனுப்புறன், காசு வேண்டாம். அடுத்ததா ஓல்டனேட்டர் பெல்ட் கத்துறதப் பற்றி எழுதலாம் எண்டு நினைக்கிறன், அதுக்கும் சோப்புக்கட்டி பூசிறாங்க.

இப்படிக்கு,
வேலை விட்டு வீட்டில இருக்கிற பழைய மெக்கானிக் ஒருத்தன்,
உப்புவெளி, திருகோணமலை.